பேற்றச்சமும் சுகப்பிரசவ ஆயத்தமும்: திண்டுக்கல் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மகப்பேறு குறித்த அச்சம் உடலையும் சொல்லையும் சமூக வழக்கையும் ஒருசேரத் தொட்டு நிற்பது. அதனை மருத்துவத்துறைக்கு மட்டும் உரிய பொருளாகக் கொள்வது பொருந்தாது. தமிழர் வழக்காறுகளில் அவ்வச்சம் எவ்வாறு பதிந்துள்ளது, மருத்துவமனைப் பேறு பொதுமையான பின் அது எவ்வாறு வடிவம் மாறியது, இயல்பான பேற்றுக்கு ஆயத்தமாதல் என்பதன் பொருள் யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. திண்டுக்கல் சமவெளியில் சின்னாளப்பட்டி, காந்திகிராமம் ஆகிய ஊர்களை மையமிட்டு உருவான மகப்பேற்றுப் பணி இதற்கு அடிப்படைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பேற்றச்சம், வலி, மருத்துவச்சி, சுமைதாங்கி, காந்திகிராமம், பேற்றுத் துணை, சுகப்பிரசவம்.

முன்னுரை

தமிழகத்தில் இன்று ஏறத்தாழ எல்லாப் பேறுகளும் மருத்துவமனையிலேயே நிகழ்கின்றன. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) இதனை 99.6 விழுக்காடு எனக் குறிக்கிறது. பேற்றின்போது தாய் இறக்கும் நிலையும் பெரிதும் குறைந்துள்ளது. 2018–20 காலப் பதிவின்படி ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு இந்திய அளவில் 97 ஆக இருக்க, தமிழகத்தில் அது 54. இவ்வளவு பாதுகாப்பு வந்த பின்னும் அச்சம் குறையவில்லை என்பதே இங்கு எழும் சிக்கல். அதே ஐந்தாம் சுற்றின்படி தமிழகத்துப் பேறுகளில் 44.9 விழுக்காடு அறுவை வழி நிகழ்ந்தவை. நான்காம் சுற்றில் (2015–16) இது 34.1 விழுக்காடாக இருந்தது. தனியார் மருத்துவமனைகளை மட்டும் கணக்கிட்டால் 63.8 விழுக்காடு; அரசு மருத்துவமனைகளில் 36. இந்திய அளவிலான மொத்த விழுக்காடு 21.5 என்பதை அருகில் வைத்து நோக்கினால் வேறுபாடு புலப்படும்.

இவ்வுயர்வுக்கு அச்சம் ஒன்றே காரணம் என்று கூறுதல் மிகை. மருத்துவரின் காலநெருக்கடி, வழக்குகள் குறித்த கவலை, கட்டணம், முந்தைய பேறு அறுவையாக அமைந்தமை, நாளும் நட்சத்திரமும் பார்த்துப் பிறப்பு நேரத்தைக் குறிக்கும் வழக்கம் எனப் பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. எனினும் ‘வலி தாங்கமாட்டாள், அறுத்தே எடுத்துவிடுங்கள்’ என்னும் வேண்டுகோள் குடும்பத்தாரிடமிருந்தே எழுவதை மகப்பேற்றுப் பிரிவின் வாசலில் சிறிது நேரம் நின்றாலும் கேட்கலாம். அவ்வேண்டுகோளின் வேர் எங்குள்ளது என்பதைப் பண்பாட்டு ஆய்வு தன் வினாவாக ஏற்க வேண்டியுள்ளது.

வலி என்னும் சொல்

தமிழில் ‘வலி’ என்பதற்கு நோவு என்றும் வலிமை என்றும் இரு பொருள் உண்டு. திருக்குறளின் ‘வலியறிதல்’ அதிகாரம் ஆற்றலை அறிதல் பற்றியது. துடுப்பு வலித்தல், கயிறு வலித்தல் என்னும் வழக்குகளில் அச்சொல் இழுத்தலைக் குறிக்கிறது. பேற்றுவலியில் இம்மூன்று பொருளும் ஒருங்கே நிகழ்கின்றன. கருப்பைத் தசை சுருங்கி இழுக்கிறது; அவ்விழுப்பு நோகிறது; அந்நோவே குழந்தையை வெளிக்கொணரும் ஆற்றல். சொல்லின் இவ்வொற்றுமை தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் பேச்சுவழக்கில் ‘வலி வந்துவிட்டது’, ‘வலி போதவில்லை’, ‘நல்ல வலி’ என்று கூறும்போது நோவு ஒரு கேடாக அன்றி, நடைபெற வேண்டிய பணியாகவே கொள்ளப்படுகிறது. காயத்தின் வலியையோ பல்வலியையோ எவரும் ‘நல்ல வலி’ என்பதில்லை.

மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் 1990களின் இடையில் சென்னையிலும் அதனையடுத்த கடலோர ஊரிலும் களப்பணி செய்து 2003இல் வெளியிட்ட நூல் இக்கருத்துக்கு இன்றியமையாதது. வலியைப் பெண்ணின் சக்தியோடு இணைத்துப் பேசும் வழக்கை அவர் அங்குக் கண்டார். வலியைக் கூட்டும் ஆக்சிடோசின் மருந்து, வலிநீக்கி ஏதுமின்றியே, பரவலாகச் செலுத்தப்பட்டதையும் அதனைப் பெண்கள் பலர் விரும்பி ஏற்றதையும் பதிவு செய்தார். மேலைநாட்டு ஆய்வாளர்கள் எதிர்பார்ப்பது போல, வலியிலிருந்து விடுதலை என்பது அப்பெண்களின் முதன்மைக் கோரிக்கையாக இருக்கவில்லை. வலி விரைந்து வந்து விரைந்து முடிவதும், அறுவையின்றி வீடு திரும்புவதும், மரியாதையாக நடத்தப்படுவதுமே அவர்கள் வேண்டியவை. முப்பது ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழாகிவிட்டது. வலி ஆற்றலாகக் கருதப்பட்ட இடத்தில் இன்று அது தவிர்க்க வேண்டிய விபத்தாகக் கருதப்படுகிறது. சொல் மாறவில்லை; அதன் ஒரு பொருள் மட்டும் உதிர்ந்துவிட்டது.

பழைய சொற்கள் சிலவும் இங்குக் கருதத்தக்கவை. முதற்கருவுற்ற நிலையைக் ‘கடுஞ்சூல்’ என்று சங்க நூல்கள் குறிக்கும். ‘கடு’ என்னும் அடை முதற்பேற்றின் கடுமையை உணர்ந்தே அமைந்தது எனக் கொள்ள இடமுண்டு. ‘வயா’ என்னும் சொல்லுக்குத் தொல்காப்பிய உரியியல் வேட்கைப் பெருக்கத்தைப் பொருளாகத் தருகிறது. பின்னர் அச்சொல் கருவுற்றாளின் விருப்பத்தையும் ஈனும் நோவையும் குறிப்பதாயிற்று. ‘பேறு’ என்பதோ பெறுதல். செல்வமும் பேறு, பிள்ளையும் பேறு. வேட்கை, கடுமை, பெறுதல் என்னும் மூன்றையும் ஒரே நிகழ்வின் பகுதிகளாகக் கண்ட மொழி, அச்சத்தை மறுக்கவுமில்லை, அதனை முழுமையாக்கவுமில்லை.

அச்சத்தின் சுவடுகள்

‘அந்தக் காலத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தவள் வரப்பிலேயே பெற்றுக் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்’ என்னும் கதை திண்டுக்கல் வட்டாரத்திலும் பிற இடங்களிலும் குடும்பந்தோறும் சொல்லப்படுவது. அப்படிப் பெற்ற பெண்கள் இருந்திருக்கலாம். ஆனால் அக்கதை இன்றைய பெண்ணுக்குச் சொல்லப்படும்போது அதில் ஏளனம் கலந்துவிடுகிறது: ‘நீ மெலிந்தவள், உன்னால் ஆகாது.’ இதற்கு மறுசான்று பழைய பாதைகளின் ஓரத்திலேயே நிற்கிறது. இரண்டு கல்தூண்களின்மேல் ஒரு கல்லைக் கிடத்தி அமைக்கும் சுமைதாங்கி, கருவுற்ற நிலையிலோ பேற்றின்போதோ இறந்த பெண்ணின் நினைவாக நடப்படுவது தமிழர் வழக்கம். சுமையை இறக்க இயலாமல் இறந்தவளின் பொருட்டு வழிப்போக்கர் சுமையை இறக்கி வைக்க ஒரு கல். இக்கற்களை எண்ணிப் பார்த்தால் பாட்டியர் காலம் அச்சமற்ற காலமாக இருந்தது என்னும் எண்ணம் நிலைக்காது. அவர்கள் அஞ்சினர்; அஞ்சுவதற்குத் தக்க காரணமும் இருந்தது. பிரசவத்தை மறுபிறவி என்றும் ‘செத்துப் பிழைத்தல்’ என்றும் கூறியது வெறும் அணியன்று.

அச்சம் இருந்த இடத்தில் அதனை ஆற்றும் வழிகளும் இருந்தன. திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் தாயுமானவர் தொன்மம் இவ்வகையில் தனித்து நோக்கத்தக்கது. காவிரி வெள்ளத்தால் தாய் வந்து சேர இயலாத நிலையில், இறைவனே அத்தாயின் உருவில் வந்து மகளுக்குப் பேறு பார்த்தான் என்பது கதை. சுகப்பேறு வேண்டி அங்கு வாழைத்தார் நேர்ந்துகொள்ளும் வழக்கம் இன்றும் உள்ளது. இக்கதையில் இறைவன் வலியை நீக்கியதாகக் கூறப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் செய்தது துணையிருந்தது. பேற்றின்போது பெண்ணுக்குத் தேவைப்படுவது யாது என்னும் வினாவுக்கு மக்கள் கண்ட விடை தெய்வத்தின் பெயராகவே நிலைபெற்றுவிட்டது.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில், பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பேற்றுச் சிற்பம் ஒன்று உள்ளது. அதில் பேறுறும் பெண் நின்ற நிலையில் இருக்க, இருபுறமும் இரு பெண்கள் அவளைத் தாங்குகின்றனர். நிமிர்ந்த நிலை, தாங்கும் கைகள் என்னும் இரண்டையும் இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் காண்போம்.

மருத்துவச்சியின் கைமுறைகளில் பயனுள்ளவையும் தீங்கானவையும் கலந்திருந்தன. அவற்றைப் போற்றி மட்டும் எழுதுவது ஆய்வாகாது. ஆனால் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ‘சூட்டு வலி’யா ‘பிள்ளை வலி’யா என்று அறியச் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பர். அடங்கினால் சூட்டு வலி. மிகுந்தால் பிள்ளை வலி. கஷாயத்தின் மருந்தியல் எவ்வாறாயினும், காத்திருத்தலுக்கு அது ஒரு முறையைத் தந்தது. பொய்வலியில் பதறி ஓடாமல் இருக்கப் பெண்ணுக்கு ஒரு செயலும் ஒரு காலவெளியும் கிடைத்தன. இன்று அதே பொய்வலியோடு மருத்துவமனைக்குச் செல்பவள் படுக்கையில் சேர்க்கப்பட்டுப் பல மணி நேரம் பிறர் கதறலைக் கேட்டுக்கொண்டிருக்க நேர்கிறது.

சின்னாளப்பட்டியும் காந்திகிராமமும்

திண்டுக்கல் சமவெளியில் பாதுகாப்பான பேறு என்னும் கருத்து வேரூன்றிய வரலாறு மருத்துவர் டி. எஸ். சௌந்தரம் அம்மையாரோடு இணைந்தது. 1904இல் தொழிலதிபர் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகளாகப் பிறந்தவர். இளமையிலேயே மணமாகி இளமையிலேயே கைம்மை அடைந்தவர். பின்னர் தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936இல் மருத்துவரானார். 1940இல் ஜி. இராமச்சந்திரனை மணந்தார். கஸ்தூரிபா காந்தி 1944இல் மறைந்த பின், கிராமப்புறப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பணியாற்ற அமைந்த தேசிய நினைவு அறக்கட்டளையின் தமிழகப் பொறுப்பை ஏற்றார். 1947இல் நெசவாளர் ஊரான சின்னாளப்பட்டியில் அவர் தொடங்கிய சிறு மருத்துவ விடுதியே பின்னாளில் காந்திகிராமத்தின் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. ஆத்தூர், வேடசந்தூர் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினராகவும் திண்டுக்கல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் அவர் இருந்ததைப் பலர் அறிவர். அவர் பணியின் அடித்தளம் மகப்பேற்று அறையில் இருந்தது என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

அவ்விடுதி அமைந்த இடம் முக்கியமானது. நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குப் பெண்ணை வரவழைக்காமல், அவள் தறியும் வயலும் உள்ள இடத்திற்கே மருத்துவரும் செவிலியரும் சென்றனர். பேறு பார்ப்பவர் முன்பே அறிமுகமான முகமாக இருந்தார். 1959இல் ஆத்தூர் வட்டாரத்தில் தொடங்கிய முன்னோடிச் சுகாதாரத் திட்டமும், 1964இல் நிறுவப்பட்ட கிராமிய சுகாதார மற்றும் குடும்ப நலப் பயிற்சி நிறுவனமும் இதே போக்கின் தொடர்ச்சி. அவற்றின் வரலாறு பெரும்பாலும் குடும்பக் கட்டுப்பாட்டின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. பிறப்பு விகிதம் எண்ணப்பட்ட அளவுக்குப் பெண்ணின் மனநிலை எண்ணப்படவில்லை. இது அத்திட்டத்திற்கு மட்டும் உரிய குறையன்று; அக்காலத்து மக்கள்தொகைக் கொள்கை முழுவதற்கும் பொருந்துவது.

தமிழக அரசு 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம், ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இருபத்துநான்கு மணி நேரமும் செவிலியர் இருக்கும் ஏற்பாடு, திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி என அடுத்தடுத்த படிகளால் இன்று இவ்வட்டாரப் பெண்ணுக்கு மருத்துவமனை தொலைவில் இல்லை. இறப்பின் அச்சம் விலகிய இடத்தில் வேறோர் அச்சம் குடியேறியது: அறிமுகமற்ற அறை, அறிமுகமற்ற முகங்கள், தனிமை, கடுஞ்சொல்.

அச்சத்தின் உடலியல்

ஆங்கில மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1933இல் வெளியிட்ட நூலிலும் பின்னர் 1940களில் எழுதிய விரிவான நூலிலும் ஒரு சுழற்சியை முன்வைத்தார்: அச்சம் உடலை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, கூடிய வலி மீண்டும் அச்சத்தைப் பெருக்குகிறது. நாகரிகம் தொடாத பெண்கள் வலியின்றிப் பெறுகின்றனர் என்று அவர் நம்பியது காலனியக் காலத்தின் கற்பனை. நம் வரப்புக் கதைக்கு அது ஓர் ஆங்கில உடன்பிறப்பு. அதனை விலக்கிவிட்டு நோக்கினாலும் சுழற்சி பற்றிய கருத்து நிற்கிறது. அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின் கருப்பையின் சுருக்கங்களைத் தடுக்கவல்லது. சுருக்கங்களை நடத்தும் ஆக்சிடோசினும், வலியை மட்டுப்படுத்தும் எண்டார்பினும் அமைதியான சூழலில் தடையின்றிச் சுரப்பவை. கன்று ஈனும் பசுவின் அருகில் அந்நியர் செல்லக்கூடாது என்று உழவர் வீடுகளில் கூறுவதன் உட்பொருளும் இதுவே.

2012இல் வெளிவந்த நார்வே ஆய்வு ஒன்று 2,206 பெண்களை நோக்கியது. பேற்றச்சம் உடையவர்களின் பேற்றுநேரம் மற்றவர்களைவிட ஒன்றரை மணி நேரம் நீண்டிருந்தது. பிற காரணிகளைக் கழித்த பின்னும் 47 நிமிட வேறுபாடு எஞ்சியது. அச்சம் கடுமையாகி, பேற்றையே தவிர்க்கும் அளவுக்குச் செல்வதை உளமருத்துவத்தில் டோக்கோபோபியா என்பர். பேற்றை அறியாதவருக்கு வருவது முதல்நிலை. முந்தைய பேற்றின் கொடிய அனுபவத்தால் வருவது இரண்டாம்நிலை. இவ்விரண்டாம் வகையைத் தமிழ்ச் சூழலில் கூடுதலாகக் கருத வேண்டும். முதற்பேற்றில் ‘படுக்கும்போது தெரியலையா, இப்போது மட்டும் கத்துகிறாயா’ என்னும் வசையைக் கேட்ட பெண் அடுத்த பேற்றில் அஞ்சுவது கத்தியையோ வலியையோ அன்று.

ஆயத்தம் என்பது யாது

ஆயத்தம் என்றவுடன் பயிற்சி வகுப்பும் பந்தும் யோகாசனமும் நினைவுக்கு வருகின்றன. திண்டுக்கல் நகரிலும் அத்தகைய வகுப்புகளுக்குக் கட்டணம் செலுத்திச் செல்வோர் உள்ளனர். உடற்பயிற்சி நன்று; நாள்தோறும் நடத்தல், குந்தி அமர்ந்து எழுதல், மூச்சை நீட்டி விடப் பழகுதல் ஆகியவற்றுக்குச் செலவும் இல்லை. எனினும் அச்சத்தைக் குறைப்பதில் உடற்பயிற்சியைவிட அறிதலுக்கும் துணைக்குமே கூடுதல் சான்று உள்ளது.

முதலில் அறிதல். பின்லாந்தில் 2013இல் வெளியான ஆய்வில், கடும் பேற்றச்சம் உடைய முதற்கருவுற்ற பெண்கள் 371 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் கருக்காலத்தில் ஆறுமுறையும் பேற்றுக்குப் பின் ஒருமுறையும் உளவியலாளர் நடத்திய குழு அமர்வில் கூடி, பேற்றின் நிலைகளை அறிந்து, தளர்வுப் பயிற்சியும் பெற்றனர். அவர்களில் 63.4 விழுக்காட்டினர் கருவி உதவியின்றி இயல்பாகப் பெற்றனர். மற்றப் பிரிவில் அது 47.5. அறுவை 22.9 விழுக்காடு, மற்றதில் 32.5. பின்லாந்து வேறு, திண்டுக்கல் வேறு என்பது உண்மையே. ஆனால் அவ்வமர்வுகளில் நிகழ்ந்தது யாது என்று நோக்கினால், பெண்கள் கூடி அமர்ந்து, தெரிந்த ஒருவர் வழிநடத்த, வரப்போவதைப் பேசினர் என்பதே. அதற்குரிய களம் நம்மிடம் வளைகாப்பாக முன்பே உள்ளது.

வளைகாப்பில் மூத்த பெண்கள் கூடி, கண்ணாடி வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, கலந்த சோறு பரிமாறுவர். அங்குச் சொல்லப்படும் கதைகளே பெரும்பாலும் பெண்ணின் முதற்பாடம். அக்கதைகள் அச்சப்படுத்தலாம், ஆற்றவும் செய்யலாம். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளின் வழியாக நடைபெறும் சமுதாய வளைகாப்பு விழாக்களில் சத்துணவு பற்றி எடுத்துரைக்கப்படுகிறது, சீர்ப்பொருள் வழங்கப்படுகிறது. பேறு எவ்வாறு நிகழும் என்பதைப் பேசுவதற்கு அவ்வரங்கைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

பேசவேண்டியவை எளியவையே. முதல் நிலையில் கருப்பை வாய் விரிவடைகிறது. 5 சென்டிமீட்டர் வரை அது மெதுவாகவே நகரும். அதற்குக் கணக்கிட்ட கால வரையறை இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. அதன்பின் 10 சென்டிமீட்டரை எட்ட முதற்பேற்றில் பொதுவாகப் பன்னிரண்டு மணி நேரத்திற்குள்ளும், அடுத்த பேறுகளில் பத்து மணி நேரத்திற்குள்ளும் ஆகும். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரிய வேண்டும் என்னும் பழைய விதி இயல்பான பேறுகளையும் ‘முன்னேற்றமில்லை’ என்று முத்திரையிட்டு அறுவைக்கு அனுப்பியது. அவ்விதியை மட்டும் வைத்து முடிவெடுக்கலாகாது என்றும் அப்பரிந்துரை அறிவுறுத்துகிறது. வலி இடைவிடாமல் இருப்பதில்லை. ஒரு சுருக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் நின்று தணியும். பின்னர் இடைவெளி வரும். பன்னிரண்டு மணி நேரமும் வலி என்று நினைத்து அஞ்சும் பெண்ணிடம் இவ்விடைவெளியைப் பற்றி எவரும் கூறியிருப்பதில்லை. அலை வரும்போது மூச்சை விடுதல், அலை தணிந்ததும் உடலைத் தளரவிடுதல் என்பதே அனைத்து மூச்சுப் பயிற்சிகளின் சாரம்.

அடுத்துத் துணை. பேறு முழுவதும் ஒருவர் உடனிருப்பதன் பயனை ஆராய்ந்த காக்ரேன் தொகுப்பாய்வு (2017) 15,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 26 ஆய்வுகளை ஒருங்கே நோக்கியது. உடனிருப்பு அமைந்தோரிடம் இயல்பான பேறு மிகுந்தது, அறுவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது, பேற்றுநேரம் சுருங்கியது. மருந்தோ கருவியோ இல்லாமல் இவ்வளவு பயன் தரும் முறை மகப்பேற்றியலில் அரிது. தமிழக அரசு மருத்துவமனைகளில் பேற்றுத் துணையை அனுமதிக்கும் திட்டம் 2004இலேயே தொடங்கியது. இந்திய அரசின் வழிகாட்டுதல் 2016இல்தான் வந்தது. இவ்வகையில் தமிழகம் முன்னோடி. ஆனால் இடநெருக்கடி, திரைமறைப்பின்மை, பணிச்சுமை ஆகியவை அத்துணையைப் பல நேரங்களில் அறைக்கு வெளியே நிறுத்திவிடுகின்றன. துணைவர் யார் என்பதைப் பேற்றுக்கு முன்பே முடிவுசெய்து, அனுமதி உண்டா என்று மருத்துவமனையில் முன்கூட்டியே கேட்பதும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே. தாராசுரச் சிற்பத்தின் நின்ற நிலைக்கும் இன்று ஆதரவு உண்டு: பேறுறும் பெண் நடமாடவும் தனக்கு உகந்த நிலையைத் தேர்ந்துகொள்ளவும் விடவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அதே பரிந்துரை.

தாய்வீட்டிற்கு அழைத்துச் செல்லும் வழக்கம் இங்கு ஒரு முரணைத் தருகிறது. வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ பெண் பிறந்தகம் செல்கிறாள். உளநிலையில் இது பெருந்துணை. ஆனால் அதுவரை பரிசோதித்த மருத்துவரும் கிராம சுகாதாரச் செவிலியரும் மாறிவிடுகின்றனர். கடைசி இரண்டு மாதங்களில் புதிய மருத்துவமனை, புதிய முகங்கள். வேடசந்தூரில் வாழ்க்கைப்பட்டு நிலக்கோட்டையில் பேறு பார்க்கச் செல்பவளுக்கு இவ்விடைவெளி அச்சமாக மாறும். பதிவேடுகளை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லத் தாய்சேய் நலப் பதிவு எண் உதவும். முகங்களை அறிந்துகொள்ள, பேற்றுக்கு முன்பே புதிய மருத்துவமனைக்கு ஒருமுறையேனும் சென்று பேற்றறையைப் பார்த்து வருவதே வழி.

எல்லைகள்

‘இயற்கைப் பேறு’ என்னும் தொடர் தமிழகத்தில் மற்றொரு பொருளையும் ஏற்றுள்ளது. 2018 ஜூலையில் திருப்பூரில் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பேறு பார்க்க முயன்றதில் இளம்பெண் ஒருவர் குருதிப்போக்கால் உயிரிழந்தார். அடுத்த மாதமே கோவையில் வீட்டுப் பேற்றுக்குப் பயிற்சி என விளம்பரம் செய்தவர் கைதானார். மருத்துவமனையில் பெற்ற கசப்பு இத்தகைய போதனைகளுக்குச் செவிசாய்க்க வைக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் பேற்றுக்குப் பின்னான குருதிப்போக்கு முன்னறிவிப்பின்றி, முற்றிலும் நலமான பெண்ணுக்கும் நிகழக்கூடியது. சில மணி நேரத்தில் உயிரைப் பறிப்பது. குழந்தை பிறந்தவுடன் செலுத்தும் 10 அலகு ஆக்சிடோசின் ஊசியும் அருகில் இருக்கும் குருதி வங்கியும் அதனைத் தடுக்கின்றன. சுமைதாங்கிக் கற்கள் நடப்பட்டது பெரும்பாலும் இவை இல்லாத காலத்தில்.

நஞ்சு கருப்பை வாயை மறைத்திருத்தல், குழந்தை குறுக்காகக் கிடத்தல், பேற்றிடையில் குழந்தையின் இதயத்துடிப்பு தளர்தல் போன்ற நிலைகளில் அறுவையே உயிர் காக்கும். அங்குச் ‘சுகப்பிரசவம் ஆகவில்லையா’ என்று உறவினர் கேட்பது கொடுமை. அறுவை வழிப் பெற்றவளைப் பெறாதவளைப் போல நடத்தும் பேச்சு அடுத்த பெண்ணின் அச்சத்தையும் வளர்க்கிறது. வலிநீக்க ஊசி பெற்றுக்கொள்ளுதலும் தோல்வியன்று. ‘சுகம்’ என்னும் சொல்லைக் குழந்தை வெளிவந்த வழியோடு மட்டும் கட்டிவைத்தது பிற்கால வழக்கு.

தமிழாய்வுக்குரிய பணி

பேற்றறையில் பேசப்படும் மொழி இத்துறையினர் கவனத்திற்குரியது. ‘ஓபன் ஆகலை’, ‘தலை ஃபிக்ஸ் ஆகலை’, ‘பிபி ஏறுது’, ‘ஹார்ட் பீட் டிராப் ஆகுது’ என்னும் அரைகுறைத் தொடர்களைக் கேட்கும் பெண் அவற்றின் பொருளை அறியாமல் தொனியை மட்டும் அறிகிறாள். தொனி அச்சுறுத்துகிறது. இவ்வட்டாரத்தில் மூத்தோர் இளம்பெண்ணைத் ‘தாயி’ என்றும் ‘ஆத்தா’ என்றும் விளிப்பர். அவ்விளியோடு ‘வாசல் இன்னும் பாதி திறக்கணும் தாயி, நேரம் இருக்கு’ என்று ஒரு செவிலியர் கூறும்போது, அதே மருத்துவச் செய்தி வேறொன்றாகிறது. ‘பயப்படாதே’ என்னும் ஏவல் அச்சத்தைக் குறைப்பதில்லை. அடுத்து நிகழ்வது யாது என்று கூறுவதே குறைக்கிறது.

பனிக்குடம், நஞ்சுக்கொடி, சூட்டு வலி, இடுப்பு வலி, தலைச்சன் என்னும் வழக்குச் சொற்கள் இன்னும் உயிரோடு உள்ளன. ஆனால் பேற்றின் நிலைகளை வரிசையாகக் கூறும் சொற்களில் பலவற்றுக்கு மருத்துவமனையில் ஆங்கிலமும், பாடநூலில் எவரும் பேசாத ஆக்கச்சொல்லும் மட்டுமே உண்டு. திண்டுக்கல், ஆத்தூர், நிலக்கோட்டை, வேடசந்தூர், நத்தம் பகுதிகளில் மூத்த பெண்களிடமும் ஓய்வுபெற்ற செவிலியரிடமும் இச்சொற்களைத் தொகுத்து, மருத்துவர் துணையுடன் பொருள் வரையறுத்து, சமுதாய வளைகாப்பில் கையில் கொடுக்கத்தக்க சிறுநூலாக ஆக்கலாம். மருத்துவச்சியாகப் பணிசெய்து அச்சொற்களை நாள்தோறும் ஆண்ட தலைமுறை இன்று எண்பது வயதைக் கடந்துகொண்டிருக்கிறது. வட்டார வழக்கில் ஆய்வு செய்யும் மாணவர் இரண்டு மூவர் ஒரு கல்வியாண்டைச் செலவிட்டால் இத்தொகுப்பைச் செய்து முடிக்க இயலும். காந்திகிராமத்தில் பல்கலைக்கழகமும் மகப்பேற்று மருத்துவமனையும் ஒன்றுக்கொன்று நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன.